வேருக்கும் மூச்சு முட்டும்

இரண்டு இதழ்களுக்கு முன்பு என் சமையலறை ஜன்னலில் நிற்கும் பாட்டில் செடிகளைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். மண் வேண்டாம், தொட்டி வேண்டாம், ஒரு துண்டுக் கொடியைத் தண்ணீரில் நிறுத்தினால் போதும் என்று படிப்பவர்களுக்குத் தோன்றும்படி எழுதிவிட்டேன் போலிருக்கிறது. வந்த கடிதங்களில் பாதி "நிறுத்தினேன், அழுகிவிட்டது" ரகம். மீதிப் பாதி கொசு. அதனால் இந்தத் தடவை பக்கம் முழுக்கத் தண்ணீர்ச் செடிதான்.

கேள்வி: மணி பிளான்ட் தண்டை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு இருபது நாள் ஆகிறது. தண்ணீர் குறையக் குறைய நிரப்பிக்கொண்டேதான் இருக்கிறேன். ஆனாலும் வேர் பழுப்பாகிக் கொழகொழவென்று ஆகிவிட்டது, பாட்டிலுக்குக் கிட்டே போனாலே நாற்றம். நான் என்ன தப்பு செய்கிறேன்?
– வேளச்சேரி வாசகி

பதில்: நிரப்புகிறீர்கள், மாற்றவில்லை. அவ்வளவுதான் தப்பு.

வேரும் மூச்சு விடும். மண்ணில் இருக்கும்போது துகள்களுக்கு நடுவே காற்று இருக்கும், வேர் அதை எடுத்துக்கொள்ளும். பாட்டிலில் அதற்குக் கிடைப்பது தண்ணீரில் கரைந்திருக்கிற கொஞ்சூண்டு ஆக்சிஜன் மட்டும். 20 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு அதிகபட்சம் சுமார் 9 மில்லிகிராம் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். நம் ஊரில் மே மாதம் மதியம் குழாயைத் திறந்தால் தண்ணீர் கையைச் சுடுகிறது, அதில் என்ன இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சூடு ஏற ஏறத் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், வேருக்கோ அப்போதுதான் தேவை கூடும். இருக்கிற ஆக்சிஜன் தீர்ந்ததும் வேர் சாகிறது, செத்த வேரைத் தின்ன பாக்டீரியா வருகிறது, அதுவும் மிச்சம் மீதி ஆக்சிஜனை இழுத்துக்கொள்கிறது. நாற்றம் அங்கேயிருந்து.

இப்போது செய்ய வேண்டியது: தண்டை வெளியே எடுத்து, கொழகொழத்த வேரை எல்லாம் தயங்காமல் வெட்டிவிடுங்கள். தண்டின் அடிப்பாகமும் கறுத்திருந்தால் பச்சை தெரியும் இடம் வரைக்கும் வெட்ட வேண்டும். பாட்டிலை சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீரில், ஒரே ஒரு கணு மட்டும் மூழ்கும்படி நிறுத்துங்கள். இலை எதுவும் தண்ணீருக்குள் போகக் கூடாது, போனால் அதுதான் முதலில் அழுகும். முதல் இரண்டு வாரம் இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றம், வெள்ளை வேர் வந்த பிறகு வாரம் ஒருமுறை. வேர் நீண்டபின் அதன் மேல் பாகம் ஒன்றிரண்டு அங்குலம் தண்ணீருக்கு வெளியே காற்றில் நிற்கட்டும். கழுத்து வரை நிரப்பினால்தான் செடிக்கு நல்லது என்று நம்மில் பலருக்கு ஒரு எண்ணம், நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நிரப்பிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று. உங்கள் தண்டில் கணு இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். இலைக் காம்பை மட்டும் கிள்ளி வைத்தால் சில சமயம் வேர்கூட விடும், மாசக்கணக்கில் பச்சையாகவும் நிற்கும், ஆனால் ஒரு புது இலைகூட வராது. துளிர் கணுவிலிருந்துதான் கிளம்ப வேண்டும்.

கேள்வி: எங்கள் வீட்டில் மெட்ரோ வாட்டர், போர் தண்ணீர், கேன் தண்ணீர், ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீர், ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளுகிற தண்ணீர் என்று ஐந்து வகை இருக்கிறது. எதைச் செடிக்கு ஊற்றுவது?
– திருவான்மியூர் வாசகர்

பதில்: சென்னைக்காரர் ஒருவரால்தான் இப்படிக் கேள்வி கேட்க முடியும்!

மெட்ரோ வாட்டர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றலாம், ஒரு சின்ன வேலை மட்டும் பாக்கி. குளோரின் வாசம் தூக்கலாக இருந்தால் வாயகன்ற பாத்திரத்தில் ஒரு ராத்திரி திறந்து வைத்துவிட்டு மறுநாள் ஊற்றுங்கள், குளோரின் பறந்துவிடும்.

போர் தண்ணீர் தெருவுக்குத் தெரு மாறும். உங்கள் பக்கம் கடலோரம், அதனால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். குடிநீருக்கான இந்தியத் தர அளவில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை போகலாம் என்று வைத்திருக்கிறார்கள். கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் வாங்கிப் பார்க்கலாம், இல்லையென்றால் குழாய் வாயில் வெள்ளைப் படிவு எவ்வளவு வேகமாகக் கட்டுகிறது, சோப்பு நுரைக்கிறதா என்பதே போதும். சோப்பே நுரைக்காத தண்ணீரில் செடியை வைத்தால் ஒரே மாசத்தில் இலை நுனி காய்ந்து பழுப்பாகும். அந்தத் தண்ணீர்தான் கிடைக்கும் என்றால் பாதிக்குப் பாதி கேன் தண்ணீரோ ஏ.சி. தண்ணீரோ கலந்து ஊற்றுங்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. நிறைய அடுக்குமாடிகளில் போர் தண்ணீரின் கடினத்தைக் குறைக்க சாஃப்ட்னர் என்ற கருவி வைத்திருக்கிறார்கள். அது கால்சியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தைத் தள்ளும். சோப்பு அருமையாக நுரைக்கும், தலைமுடிக்கும் நல்லதுதான், ஆனால் செடிக்கு சோடியம் ஆகாது. வீட்டுக்கு வரும் தண்ணீர் அந்த சாஃப்ட்னரைத் தாண்டித்தான் வருகிறதா என்று அசோசியேஷனில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஏ.சி. தண்ணீர் காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டுவது, அதனால் உப்பே கிடையாது, ஏறக்குறைய காய்ச்சி வடித்த தண்ணீர் மாதிரி. ஏ.சி.யை சர்வீஸ் செய்து வருஷக்கணக்காகியிருந்தால் கூடவே தூசியும் வரும், அவ்வளவுதான். நான் அதையும் மெட்ரோ வாட்டரையும் சரிபாதி கலந்து ஊற்றுகிறேன். வெயில் காலத்தில் ஒரு ராத்திரிக்கு அரை வாளி சேர்ந்துவிடுகிறது. கேன் தண்ணீரும் இதே கதைதான், ஊற்றலாம், ஆனால் இரண்டிலும் சத்து என்று சொல்ல ஒன்றும் இல்லை, அதற்குக் கீழே ஒரு பதில் இருக்கிறது. ஆர்.ஓ. தள்ளுகிற தண்ணீர் வேண்டவே வேண்டாம். உள்ளே இருந்த உப்பையெல்லாம் திரட்டி வெளியே அனுப்புவதுதான் அது, தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்யும்போது நாலு பாட்டில் பிடித்து மூடி வைத்தால் அதற்கு ஈடு எதுவும் இல்லை. முதல் மழையை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடியுங்கள், முதல் மழை மொட்டைமாடியைக் கழுவுகிற மழை.

கேள்வி: கொசு மருந்து அடிக்க வந்த மாநகராட்சி ஊழியர் எங்கள் வரவேற்பறைக்குள் வந்து, மணி பிளான்ட் பாட்டிலை டார்ச் அடித்துப் பார்த்து, "இதைக் கவிழ்த்துடுங்க மேடம்" என்றார். தெருவில் சாக்கடை ஓடுகிறது, அதை விட்டுவிட்டு என் பாட்டிலையா பிடிப்பது என்று கோபம் வந்தது. ஒரு பாட்டிலில் எத்தனை கொசு வந்துவிடப் போகிறது?
– வியாசர்பாடி வாசகி

பதில்: கோபம் புரிகிறது, ஆனால் அந்த ஊழியர் சொன்னது சரி. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி சாக்கடைக் கொசு இல்லை. அதற்கு வேண்டியது நல்ல தண்ணீர், நிழல், மனிதர்கள் நடமாடும் வீடு. உங்கள் மணி பிளான்ட் பாட்டில் அதற்கு மாமியார் வீடு மாதிரி.

இதை நான் உபதேசமாகச் சொல்லவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நவம்பரில் என் வீட்டிலும் ஒருவர் டார்ச் அடித்தார், நான் "வாராவாரம் தண்ணி மாத்தறேன் சார்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே புத்தக அலமாரிக்குப் பின்னால் நான் மறந்தே போயிருந்த ஒரு ஜாடியில் பத்துப் பதினைந்து புழுக்கள் தலைகீழாகத் தொங்கி நெளிந்துகொண்டிருந்தன. அவர் ஒன்றும் சொல்லவில்லை, கழுவுமிடத்தைக் கை காட்டினார்.

நம் ஊர்ச் சூட்டில் முட்டை, புழு, கூட்டுப்புழு, கொசு என்று முழுச் சுற்றும் முடிய ஒரு வாரத்திலிருந்து பத்து நாள். அதனால்தான் வாரம் ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள், பத்து நாளுக்கு ஒருமுறை என்றால் பயனில்லை. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது என்பதுதான் பலருக்குத் தெரியாதது. இந்தக் கொசு முட்டையைத் தண்ணீரில் மிதக்க விடாது, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டி வைக்கும். காய்ந்தாலும் அந்த முட்டை மாசக்கணக்கில் உயிரோடு இருக்கும், மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். ஆகவே கொட்டி, பிரஷ் விட்டு உள்சுவரைத் தேய்த்து, அப்புறம் புதுத் தண்ணீர். பாட்டில் வாயைச் சுற்றித் தண்டை ஒட்டிப் பஞ்சு அடைத்துவிடலாம், அல்லது பழைய கொசுவலைத் துணியை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டலாம். காற்றும் போகும், கொசுவும் நுழையாது.

என் வீட்டில் ஞாயிறு காலை இதற்கு. இருபத்திரண்டு பாட்டில், முக்கால் மணி நேரம் ஆகிறது. அந்த முக்கால் மணி நேரம் கிடைக்காது என்பவர்கள் பாட்டிலைக் குறைத்துக்கொள்ளுங்கள், அல்லது மண்ணுக்குப் போய்விடுங்கள். இதில் நான் யாருக்கும் சலுகை தருவதாக இல்லை.

கேள்வி: அக்கா, அதுக்கு ஒரு ஐடியா. பாட்டில்ல ஒரு ஃபைட்டர் மீன் விட்டுட்டா கொசுப்புழுவை அதுவே தின்னுடும், செடி வேரை மீன் தின்னும், மீன் கழிவு செடிக்கு உரம். கொளத்தூர்ல ஒரு மீன் வாங்கியும் வந்துட்டேன். சரியா?
– பெரம்பூர், கல்லூரி மாணவர்

பதில்: பாதி சரி தம்பி. புழுவைத் தின்னும், கழிவு உரமாகும். வேரை மட்டும் தின்னாது, ஃபைட்டர் சுத்த அசைவம். அரை லிட்டர் பாட்டிலில் அதன் கழிவே அதற்கு விஷமாகிவிடும். அது மேலே வந்து வாயால் காற்றைக் குடிக்கிற மீன், செடியும் பஞ்சும் வாயை அடைத்தால் மூச்சுக்கும் வழியில்லை. பாவம், அதை எடுத்துவிடு.

உன் யோசனையைத் திருப்பிப் போடு. பெரிய மீன் தொட்டி ஒன்று வை, பத்துப் பதினைந்து லிட்டராவது பிடிக்கட்டும். அதன் விளிம்பில் மணி பிளான்ட்டின் வேர் மட்டும் உள்ளே தொங்கும்படி, இலை எல்லாம் வெளியே இருக்கும்படி மாட்டு. மீன் கழிவில் வரும் அம்மோனியாவை பாக்டீரியா நைட்ரேட்டாக மாற்றும், நைட்ரேட்டை வேர் உறிஞ்சிக்கொள்ளும், தண்ணீரும் கொஞ்சம் நாள் கூடுதலாகச் சுத்தமாக நிற்கும். தொட்டித் தண்ணீரை மாற்றும்போது கொட்டிவிடாதே, மற்ற பாட்டில் செடிகளுக்கு அதைவிட நல்ல சாப்பாடு கிடையாது.

கேள்வி: தண்ணீர்ச் செடிக்கு உரமாக அரிசி கழுவிய தண்ணீர், ஊறவைத்த டீத்தூள், பஞ்சகவ்யம் இதில் எதைக் கொடுக்கலாம்? ரசாயனம் வேண்டாம் என்று பார்க்கிறேன்.
– மேற்கு மாம்பலம் வாசகி

பதில்: மூன்றும் வேண்டாம். மண்ணில் ஊற்றினால் மூன்றுமே நல்லது, ஏனென்றால் அதைப் பிரித்துச் செடிக்கு ஊட்டிவிட மண்ணில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் சம்பளமில்லாமல் வேலை பார்க்கின்றன. பாட்டிலில் அந்த ஆள்பலம் இல்லை. அரிசி கழுவிய தண்ணீர் இரண்டு நாளில் புளிக்கும், இருக்கிற ஆக்சிஜனையும் காலி செய்யும். நான் இதைச் செய்து பார்த்திருக்கிறேன், நான்கு சிங்கோனியம் போயிற்று, வீட்டில் மாவு பொங்கி வழிந்த வாடை.

ஆனால் சத்து வேண்டும் என்ற உங்கள் நினைப்பு ரொம்பச் சரி. இதை லண்டனில் ஜான் உட்வர்ட் என்பவர் 1699லேயே சோதித்துப் பார்த்திருக்கிறார். புதினா வகைச் செடியை மழைத் தண்ணீர், தேம்ஸ் ஆற்றுத் தண்ணீர், தோட்ட மண் கலக்கிய தண்ணீர் என்று தனித்தனியாக வளர்த்துப் பார்த்தார். சுத்தமான மழைத் தண்ணீரில் வளர்ச்சி குறைவு, மண் கலந்ததில் அதிகம். செடி வளர்வது தண்ணீரால் மட்டுமில்லை, அதில் கரைந்திருக்கும் ஏதோ ஒன்றால் என்று அவருக்குத் தெரிந்தது. அந்த ஏதோ ஒன்று நைட்ரஜன், பொட்டாசியம், கால்சியம் போன்ற உப்புகள் என்பதை 1860 வாக்கில் ஜெர்மனியில் ஜூலியஸ் சாக்ஸ், வில்ஹெல்ம் க்னோப் இருவரும் உப்பைக் கரைத்த தண்ணீரிலேயே செடி வளர்த்துக் காட்டினார்கள். நீங்கள் ரசாயனம் என்று ஒதுக்குவதும், சாணத்தை மண் செரித்த பிறகு வேர் உறிஞ்சுவதும் கடைசியில் அதே நைட்ரேட்தான். இதில் ஆசாரம் பார்க்க ஒன்றுமில்லை.

உரக் கடையில் என்.பி.கே. (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம்) 19:19:19 என்று தண்ணீரில் முழுசாகக் கரைகிற தூள் கிடைக்கும். தலை தட்டிய ஒரு டீஸ்பூன், ஏறக்குறைய 5 கிராம், அதை ஒரு லிட்டர் கேன் தண்ணீரில் கரைத்துத் தனி பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே பெரிய எழுத்தில் உரம் என்று எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில், வெளிச்சம் படாமல். மாசத்துக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றும் நாளில், ஒரு லிட்டர் புதுத் தண்ணீருக்கு இதில் 50 மில்லி. அதாவது கால் கிராம் தூள், அதற்கு மேல் வேண்டாம். கூடப் போட்டால் கூட வளரும் என்று நினைத்தால் வேர் கருகிவிடும். போட்டபின் அடுத்த வாரம் தண்ணீரை முழுசாக மாற்றுங்கள், மேலே மேலே ஊற்றிக்கொண்டே போனால் தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் சேர்ந்துகொண்டே போகும்.

கேள்வி: இலை மஞ்சளாகிறது. ஏன்?
– பெயர், ஊர் எழுதவில்லை

பதில்: எந்த இலை என்றும் எழுதவில்லையே! அடியில் இருக்கும் பழைய இலை மஞ்சளானால் நைட்ரஜன் பற்றாக்குறை, செடி பழசிலிருந்து உருவிப் புதுசுக்குக் கொடுக்கிறது. நுனியில் வரும் புது இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச் சத்து எட்டவில்லை. தண்ணீரில் இரும்பு இருந்தும் அது கடின நீராக இருந்தால் செடியால் எடுக்க முடியாது, ஏ.சி. தண்ணீர் கலந்து பாருங்கள். எல்லா இலையும் ஒரே சமயத்தில் தொய்ந்து மஞ்சளானால் வேரைப் பாருங்கள், மேலே முதல் பதிலைப் படியுங்கள். மாசத்துக்கு ஒரு கிழட்டு இலை உதிர்ந்தால் அதற்குக் கடிதம் எழுத வேண்டாம்.

கேள்வி: பாட்டி கொடுத்த செப்புச் சொம்பில் மணி பிளான்ட் வைத்தேன். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் வேர் சரியாகவே விடவில்லை, விட்ட வேரும் கட்டையாக நின்றுவிட்டது.
– மயிலாப்பூர் வாசகி

பதில்: செம்பு செடிக்கு இம்மியளவு வேண்டும், அதைத் தாண்டினால் முதலில் அடிவாங்குவது வேர் நுனிதான். சொம்பிலிருந்து நாள் முழுக்கக் கரைந்துகொண்டே இருந்தால் வேர் எப்படி நீளும்? பித்தளைக்கும் இதே கதை. சொம்புக்குள் அடங்குகிற மாதிரி ஒரு கண்ணாடி டம்ளரை இறக்கி, செடியை டம்ளரில் வையுங்கள். வெளியே பாட்டியின் சொம்பு, உள்ளே செடி பத்திரம். வெளிச்சம் உள்ளே போகாததால் பாசியும் பிடிக்காது.

கேள்வி: மணி பிளான்ட்டைத் திருடி வைத்தால்தான் வளருமாமே? நான் நர்சரியில் காசு கொடுத்து வாங்கினேன், அதனால்தானோ என்னவோ இலை மூன்று அங்குலத்தைத் தாண்டவில்லை. எதிர்வீட்டுத் தென்னை மரத்தில் ஏறியிருப்பதில் இலை முறம் அளவுக்கு இருக்கிறது. அது வேற ஜாதியா?
– மடிப்பாக்கம் வாசகர்

பதில்: ஒரே ஜாதிதான் சார். மணி பிளான்ட் மரமேறிக் கொடி. கணுவிலிருந்து வேர் நீட்டி மரத்தைப் பிடித்து மேலே ஏற ஏறத்தான் அதன் இலை பெரிசாகும், அப்புறம் ஓரம் கிழிந்து வேறு செடி மாதிரியே ஆகிவிடும். கீழே தொங்கவிட்டால் இலை சிறுத்துக்கொண்டே போகும். பாட்டிலில் முறம் இலை கிடைக்காது, அதற்கு ஆசைப்பட வேண்டாம். ஜன்னலுக்கு இன்னும் கிட்டே நகர்த்தி, கொடியைக் கீழே விடாமல் ஒரு குச்சியில் மேல்நோக்கிக் கட்டிவிட்டால் ஓரளவு தேறும். வெயில் நேராக இலையில் விழ வேண்டாம், அந்த வெளிச்சத்தில் பேப்பர் படிக்க முடிந்தால் போதும்.

திருட்டு விஷயத்தில் எனக்கு ஒரு யோசனை உண்டு. இந்தக் கொடியின் சொந்த ஊர் பசிபிக் கடலில் பிரெஞ்சு பாலினேசியாவில் இருக்கும் மோரியா என்ற தீவு. பூக்கத் தூண்டுகிற ஜிப்ரலின் ஹார்மோன் இதன் உடம்பில் சரியாகச் சுரப்பதில்லை, அதனால் இது தானாகப் பூப்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம். பூ இல்லை, காய் இல்லை, விதை இல்லை. ஆக, சென்னையில் இருக்கும் ஒவ்வொரு மணி பிளான்ட்டும் யாரோ ஒருவர் இன்னொருவர் கொடியிலிருந்து கிள்ளியதுதான். நீங்கள் காசு கொடுத்ததும் யாரோ கிள்ளியதற்குத்தான். எதிர்வீட்டுக்காரரிடம் கேட்டே வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: வாடகை வீடு, பால்கனி இல்லை. சமையலுக்கு ஆகிற மாதிரி கறிவேப்பிலை, புதினா எல்லாம் தண்ணீரில் வளர்க்க முடியுமா?
– சூளைமேடு வாசகி

பதில்: புதினா, கற்பூரவள்ளி இரண்டும் நிச்சயம். கடையில் வாங்கிய புதினாக் கட்டில் தடித்த நாலு தண்டை எடுத்து, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு நிறுத்தினால் ஒரு வாரத்தில் வேர் விடும். துவையலுக்கு ஆகிற அளவு வராது, மோரில் கிள்ளிப்போட வரும். நேர் வெயில் மூன்று நான்கு மணி நேரமாவது விழும் ஜன்னல் வேண்டும், இல்லையென்றால் நூல் மாதிரி நீளும். இரண்டு மாசத்தில் சோர்ந்துவிடும், நுனியைக் கிள்ளி மறுபடி ஆரம்பியுங்கள். கற்பூரவள்ளி இன்னும் சுலபம். துளசி இளங்கிளை வேர் விடும், அதோடு மண்ணுக்கு மாற்றிவிடுவது நல்லது.

கறிவேப்பிலை ஆகாது. கொத்தைத் தண்ணீரில் வைத்தால் இரண்டு வாரம் பச்சையாக நின்று நம்மை ஏமாற்றும், அப்புறம் ஒவ்வொன்றாக உதிரும். அது விதையிலும், தாய்ச் செடியின் வேரிலிருந்து முளைக்கும் கன்றிலும் வருகிற மரம். அந்த ஆசையை விட்டுவிட்டுக் கடைக்காரரிடம் கொசுறாக வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஓரத்தில் மஞ்சள் கோடு போட்ட ஸ்நேக் பிளான்ட் இலையை வெட்டித் தண்ணீரில் வைத்தேன். இரண்டு மாசம் கழித்து வேரும் குட்டியும் வந்தது. ஆனால் குட்டியில் மஞ்சளே இல்லை, வெறும் பச்சை!
– அம்பத்தூர் வாசகர்

பதில்: இரண்டு மாசம் பொறுத்ததற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். அது நம் ஊர் மருளுக்குச் சொந்தக்கார வகை, நிதானமாகத்தான் வேர் விடும். மஞ்சள் ஓரம் போனது உங்கள் தப்பில்லை. அந்த இலையில் மஞ்சள் செல்களும் பச்சை செல்களும் அடுக்கடுக்காக ஒட்டி இருக்கின்றன, இலைத் துண்டிலிருந்து புதுக் குட்டி கிளம்பும்போது அந்த அடுக்கு கலைந்து பச்சை மட்டும் மிஞ்சுகிறது. மஞ்சள் வேண்டுமென்றால் தொட்டியில் பக்கத்தில் முளைக்கும் குட்டியைக் கிழங்கோடு பிரித்து எடுக்க வேண்டும்.

கேள்வி: போகிப் புகைக்குப் பயந்து, காற்றைச் சுத்தம் செய்யும் என்று கேள்விப்பட்டு ஹாலில் பன்னிரண்டு பாட்டில் வைத்திருக்கிறோம். போதுமா?
– பெரும்பாக்கம், கணவன் மனைவி இருவரும் எழுதியது

பதில்: கண்ணுக்குப் போதும், மூக்குக்குப் போதாது. 1989ல் நாசா செய்த ஒரு சோதனையிலிருந்து கிளம்பிய நம்பிக்கை இது. அது இறுக்க மூடிய சின்னப் பெட்டிக்குள் செய்தது, நம் ஹாலில் ஜன்னல், கதவு, மின்விசிறி எல்லாம் உண்டு. 2019ல் இப்படிப்பட்ட ஆய்வுகளை எல்லாம் மொத்தமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள், ஜன்னல் வழியே காற்று மாறுகிற அளவுக்காவது செடி சுத்தம் செய்ய வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டர் தரைக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடி வரை வேண்டும் என்றார்கள். அதுவும் பெயின்ட், பசையிலிருந்து வரும் ஆவிக்கு. போகிப் புகை வேறு ரகம். அன்று காலை ஜன்னலைச் சாத்திவிட்டு, பத்து மணிக்கு மேல் திறந்துவிடுங்கள். பாட்டில்களை அழகுக்கு வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: அம்மா, பேரனுக்கு ஒன்றரை வயசு. கையில் கிடைத்ததை எல்லாம் வாயில் போடுகிறான். மணி பிளான்ட் விஷமா?
– அண்ணா நகர் பாட்டி

பதில்: வேகாத சேப்பங்கிழங்கைத் தொட்டால் கை அரிக்குமே, அதே குடும்பம்தான் இது. இரண்டிலும் ஊசி மாதிரியான கால்சியம் ஆக்சலேட் துகள் இருக்கிறது. கடித்தால் வாய், நாக்கு எரியும், எச்சில் ஒழுகும், குழந்தை வீரிட்டு அழும், உதடு வீங்கலாம். வாயைத் துடைத்து, குளிர்ந்த தண்ணீரோ பாலோ கொடுங்கள். வீக்கம் கூடினாலோ விழுங்கவோ மூச்சு விடவோ சிரமப்பட்டாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். டிஃபன்பேக்கியா இன்னும் கடுமை, அது குழந்தை இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம். பூனை, நாய்க்கும் இதே எச்சரிக்கை. ஸ்பைடர் பிளான்ட் இருக்கிறது, அது சாது. பேரன் பெரியவனாகும் வரை அதை வையுங்கள். எப்படியும் கண்ணாடி பாட்டில் அவன் கைக்கு எட்டக் கூடாது.

கேள்வி: கண்ணாடி பாட்டிலில் வாரா வாரம் பச்சைப் பாசி படிகிறது. தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்துவிட்டது. பழுப்பு நிற பாட்டிலில் பாசி வராது என்கிறார்கள், உண்மையா? கேட்கக் காரணம், என் கணவர் புண்ணியத்தில் வீட்டில் அந்த நிற பாட்டிலுக்குக் குறைவில்லை.
– பெயர் வேண்டாம், வளசரவாக்கம்

பதில்: உண்மைதான். பாசிக்கு வெளிச்சம் வேண்டும், பழுப்பு பாட்டில் அதைப் பெரும்பாலும் தடுத்துவிடும். பாசி செடியைக் கொல்லாது, ஆனால் சத்தைப் பங்கு கேட்கும். ஒரே சங்கடம், அந்த பாட்டில்களுக்குக் கழுத்து குறுகல், பிரஷ் உள்ளே போகாது. ஒரு பிடி மணலும் கொஞ்சம் தண்ணீரும் போட்டு நன்றாகக் குலுக்கினால் உள்சுவர் சுத்தமாகும், கொசு முட்டையும் போகும். வேர் தடித்து வெளியே எடுக்க வராமல் போவதற்குள், அதாவது நாலைந்து மாசத்தில், செடியை வாயகன்ற ஜாடிக்கு மாற்றிவிடுங்கள்.

லேபிளைச் சுடுதண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்தால் உரிந்து வந்துவிடும். மாமியார் ஊரிலிருந்து வருவதற்கு முன்னால் செய்துவிடுங்கள்.